சிஏ இல்லாமல் ஃப்ரீஐபிஏ ஓட்டலாமா? திருப்பூரில் புது சர்வர், யோசனை வேண்டும்

பனியன்_சர்வர் | திங்கள், காலை 10:12

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் சிஸ்டம் அட்மின். ஆள் நான் ஒருத்தன்தான். நெட்வொர்க், கேமரா, பிரிண்டர், சனிக்கிழமை சம்பளப் பட்டியல் பிரிண்ட் ஆகவில்லை என்றால் அதுவும் என் தலையில்தான். அவினாசி ரோட்டில் ஆபீஸும் தையல் யூனிட்டும், பெருந்துறை சிப்காட்டில் சாயப் பட்டறை. மொத்தம் 58 லினக்ஸ் மெஷின், சுமார் 140 யூசர். ஈஆர்பி, ஃபைல் சர்வர், அப்புறம் தையல் லைனில் பீஸ் எண்ணிக்கை போடும் சின்னப் பெட்டிகள்.

இத்தனைக்கும் லாகின் ஒரே ஃப்ரீஐபிஏ (யூசர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) சர்வரில். எனக்கு முன்னால் இருந்தவர் சென்ட்ஓஎஸ் 7-ல் போட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டியிருக்கிறார், அதனால் டாக்டேக் என்ற சிஏவும் (சான்றிதழ்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பகுதி) கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சம்பள நாள். கரண்ட் போய் யூபிஎஸ் இறங்கி சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. ‘ஐபிஏசிடிஎல் ஸ்டார்ட்’ போட்டால் டாக்டேக்கின் சர்வீஸான பிகேஐ-டாம்கேட் மட்டும் எழவில்லை. அது எழவில்லை என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிட்டது. லைனில் நூற்றுக்கணக்கான பேர் எண்ணிக்கை போட முடியாமல் நிற்கிறார்கள், சூப்பர்வைசர் என் தலைக்கு மேல் நிற்கிறார். தேடிப் பார்த்தால் டாக்டேக் தனக்காக வைத்திருக்கும் உள் சான்றிதழ்கள் ஐந்தாறும் வரிசையாகக் காலாவதி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் இரண்டு சர்வர் இருந்திருக்கிறது. புதுப்பிக்கும் பொறுப்பு எந்த சர்வரிடம் இருந்ததோ அதைத்தான் முன்னவர் ராம் மிச்சம் பண்ண அழித்திருக்கிறார். மிச்சமிருந்தது, ‘அந்த அண்ணன் பார்த்துக்குவார்’ என்று இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டது.

தேதியைப் பின்னுக்குத் தள்ளி, சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் சர்ட்மாங்கரை எழுப்பி, புதுப்பித்து, மறுபடி தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பொழுதோடதான் சம்பளம் போட்டார்கள்.

இப்போது அல்மா லினக்ஸ் 9-ல் புதிதாகப் போடப் போகிறேன். என் கேள்வி: இத்தனை வருஷத்தில் அந்த சிஏவிடம் நான் ஒரு சான்றிதழ்கூட வாங்கியதில்லை. அது எனக்கு எதற்கு? அது இல்லாமலே ஐபிஏ போட முடியும் என்று படித்தேன். யாராவது ஓட்டுகிறீர்களா? எங்கள் குரூப்பின் பல்லடம் ஸ்பின்னிங் மில்லில் விண்டோஸ் டொமைன் இருக்கிறது, அதில் சிஏவும் இருக்கிறது.

---

கரூர்_தறி | திங்கள், காலை 10:31

சம்பள நாளில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினீர்களா! ஓடி (ஓவர்டைம்) கணக்கு என்ன ஆச்சுங்க?

---

பனியன்_சர்வர் | திங்கள், காலை 10:34

ஈஆர்பி வேறு மெஷின், தப்பித்தேன். ஐபிஏ சர்வரில் மட்டும்தான் திருப்பினேன். அந்த நாற்பது நிமிஷமும் யாருக்கும் கெர்பரோஸ் (லாகினைச் சரிபார்க்கும் முறை) டிக்கெட் கிடைக்கவில்லை, அது தனிக் கதை. ஐந்து நிமிஷம் தள்ளியிருந்தாலே அதற்குக் கோபம் வரும், நான் தள்ளியது மூன்று வாரம்.

---

கேபிள்_கட்டு | திங்கள், காலை 11:20

சரவணம்பட்டியிலிருந்து. நான் எதிர்க்கட்சி.

தம்பி, உங்களுக்கு வந்த சீக்கு சிஏவால் வரவில்லை. புதுப்பிக்கும் சர்வரை அழித்ததால் வந்தது. அழிக்கும் முன் ‘சிஏ ரினியூவல் மாஸ்டர்’ என்ற பொறுப்பை இன்னொன்றுக்கு மாற்ற ஒரே ஒரு கமாண்ட், ‘ஐபிஏ கான்ஃபிக்-மாட்’. அதைச் செய்திருந்தால் இந்த இழையே இருக்காது. தேதியைத் திருப்பாமல் சரி செய்யவும் ‘ஐபிஏ-சர்ட்-ஃபிக்ஸ்’ என்று தனிக் கருவி இருக்கிறது. அன்றைக்கு அவசரத்துக்கு ‘இக்னோர்-சர்வீஸ்-ஃபெயிலியர்ஸ்’ சேர்த்து ஸ்டார்ட் செய்திருந்தால் டாம்கேட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுந்திருக்கும்.

உள்ளே சிஏ இருந்தால் ஈஆர்பிக்கு, உள் வெப்சைட்டுக்கு, விபிஎன்னுக்கு எல்லாம் சர்ட்மாங்கர் தானே கேட்டு வாங்கும், தானே புதுப்பிக்கும். எங்கள் ஆபீஸில் முப்பது சர்வீஸ் அப்படி ஓடுகிறது, எனக்கு ஒரு தேதிகூட நினைவில் இல்லை. சிஏவைத் தூக்கினால் அந்த வேலை எங்கும் போகாது, உங்கள் மேஜைக்கு வரும்.

---

பொள்ளாச்சி_இளநீர் | திங்கள், மதியம் 1:05

கேபிள் சொல்வது சரி, ஆனால் அது முப்பது சர்வீஸ் இருக்கிற வீட்டுக்குச் சரி. நான் நான்கு வருஷமாக சிஏ இல்லாத ஐபிஏ இரண்டு சர்வரில் ஓட்டுகிறேன். சாப்பிட்டுவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

---

பொள்ளாச்சி_இளநீர் | திங்கள், மதியம் 2:48

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘சிஏ இல்லாத ரெப்ளிகா’ வேறு, ‘சிஏ இல்லாத டொமைன்’ வேறு. ரெப்ளிகா (நகல் சர்வர்) போடும்போது சிஏவைச் சேர்க்காமல் விட்டால் அந்த ஒரு சர்வரில்தான் டாக்டேக் இருக்காது. டொமைனுக்கு சிஏ வேறொரு சர்வரில் உயிரோடு இருக்கும், சான்றிதழ்களைக் கொடுப்பதும் அதுதான். பனியன் கேட்பது இரண்டாவது வகை, எங்குமே டாக்டேக் இல்லாதது.

அதனால் பழைய சர்வரிலிருந்து ரெப்ளிகா எடுத்து, அங்கிருந்து மெல்ல சிஏவைக் கழற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கடைசி சிஏ சர்வரை நீக்கப் போனால் ஐபிஏ மறுத்துவிடும். ஒரு தடவை சிஏவோடு பிறந்த டொமைன் சாகும் வரை சிஏவோடுதான். மறுபக்கம் கதவு திறந்திருக்கிறது. சிஏ இல்லாமல் ஆரம்பித்து, இரண்டு வருஷம் கழித்துத் தேவைப்பட்டால் ‘ஐபிஏ-சிஏ-இன்ஸ்டால்’ போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டலாம், கழிக்க முடியாது. சந்தேகம் இருக்கிற ஆள் இல்லாமல் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். ராம் மிச்சம், சர்வீஸ் குறைவு எல்லாம் உபரி.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது:

யூசர், குரூப், சுடோ விதி, எந்த ஆள் எந்த மெஷினில் நுழையலாம் என்ற ஹெச்பேக் விதி, கெர்பரோஸ், கீடேப் (கெர்பரோஸ் சாவி ஃபைல்), டிஎன்எஸ், ஓடிபி, விண்டோஸ் டொமைனோடு ட்ரஸ்ட் எல்லாம் அப்படியே வேலை செய்யும். பீஸ் எண்ணும் பெட்டிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கிடைக்காதது: ‘ஐபிஏ சர்ட்-ரிக்வெஸ்ட்’, சர்ட்மாங்கர் ஐபிஏவிடம் கேட்டு வாங்குவது, சிஆர்எல், ஓசிஎஸ்பி (ரத்தான சான்றிதழா என்று பார்க்கும் வழிகள்), ஐபிஏ தரும் ஆக்மி சேவை (தானாகச் சான்றிதழ் கொடுப்பது), பாஸ்வேர்ட் பூட்டி வைக்கும் வால்ட். வால்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கேஆர்ஏ என்ற பகுதி டாக்டேக்கின் மேல்தான் உட்காரும், சிஏ இல்லையென்றால் அதுவும் இல்லை.

இன்ஸ்டால் சமயத்தில் நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டியவை இரண்டு: வெப் சர்வருக்கு ஒரு சான்றிதழ், டைரக்டரி சர்வருக்கு ஒரு சான்றிதழ். ஒரே சான்றிதழை இரண்டுக்கும் கொடுக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ‘ஹெச்டிடிபி-சர்ட்-ஃபைல்’, ‘டிர்எஸ்ஆர்வி-சர்ட்-ஃபைல்’ இரண்டிலும் அதே பாதை. சாவிக்குப் பாஸ்வேர்ட் இருந்தால் ‘ஹெச்டிடிபி-பின்’, ‘டிர்எஸ்ஆர்வி-பின்’. கையெழுத்திட்டவரின் ரூட்டை (தலைமைச் சான்றிதழை) ‘சிஏ-சர்ட்-ஃபைல்’ என்று கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக பிகேஇனிட் (சான்றிதழ் வைத்து கெர்பரோஸ் லாகின்) சான்றிதழ் கேட்கும். இங்கே வீம்பு பிடிக்க வேண்டாம், ‘நோ-பிகேஇனிட்’ போட்டுவிடுங்கள். கேடிசிக்கான (கெர்பரோஸ் டிக்கெட் கொடுக்கும் பகுதி) சான்றிதழில் அதற்கென்றே தனியான ஒரு பயன்பாட்டுக் குறியும், கேஆர்பிடிஜிடி பெயரும் உள்ளே இருக்க வேண்டும். பொதுச் சந்தையில் சான்றிதழ் விற்கும் எவரும் அதைத் தர மாட்டார்கள். நோ-பிகேஇனிட் போட்டால் கேடிசி தனக்குத்தானே கையெழுத்திட்ட ஒன்றை வைத்துக்கொள்ளும், வெப் பக்கத்தில் லாகின் ஆக அது போதும்.

இன்ஸ்டால் முடிந்த அன்றே தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த இரண்டு சான்றிதழையும் சர்ட்மாங்கர் கண்டுகொள்ளாது. அது வாங்கியதல்ல, அதனால் அதற்குக் கவலையில்லை. புதுப்பிக்க நீங்களே புதிதாக வாங்கி ‘ஐபிஏ-சர்வர்-சர்ட்இன்ஸ்டால்’ ஓட்டி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒவ்வொரு ரெப்ளிகாவிலும் தனித்தனியாக.

---

சிறுவாணி_தண்ணி | திங்கள், மாலை 5:15

லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசப் பொது சிஏ) போட்டால் காசும் இல்லை, கவலையும் இல்லை. எதற்கு விண்டோஸ் சிஏ?

---

பொள்ளாச்சி_இளநீர் | திங்கள், மாலை 5:52

போடலாம், போட்டும் பார்த்தேன். காசு இல்லை, கவலை உண்டு.

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். அதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும், சரி. சிக்கல் இடைநிலை சிஏக்களில் (ரூட்டுக்கும் சான்றிதழுக்கும் நடுவில் கையெழுத்திடுபவை). 2024-ல் ஆர்3-ஐ எடுத்துவிட்டு ஆர்10, ஆர்11 என்று கொண்டுவந்தார்கள். இந்த முறை எது கையெழுத்திடும் என்று முன்கூட்டித் தெரியாது. ஐபிஏ முழுச் சங்கிலியும் தன்னிடம் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். புது இடைநிலை வந்த ராத்திரி என் ஸ்கிரிப்ட் புதுச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டியது, சர்ட்இன்ஸ்டால் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. நல்லவேளை, பழையதற்கு இன்னும் முப்பது நாள் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முதலில் இடைநிலைகளை ‘ஐபிஏ-சிஏசர்ட்-மேனேஜ் இன்ஸ்டால்’ மூலம் சேர்த்துவிட்டுத்தான் சான்றிதழையே தொடும்படி ஸ்கிரிப்ட்டை மாற்றினேன்.

இன்னொன்று, பொதுச் சான்றிதழ் வாங்கினால் உங்கள் சர்வர் பெயர் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி பதிவேட்டில் ஏறிவிடும், உலகமே பார்க்கலாம். உள் சர்வருக்கு ‘சம்பளம்-டிபி’ என்று பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் யோசிக்கவும்.

---

கரூர்_தறி | திங்கள், இரவு 8:40

எங்களுடையது டாட் லோக்கல் என்று முடியும் டொமைன். எனக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் கிடைக்குமா?

---

கேபிள்_கட்டு | திங்கள், இரவு 8:47

கிடைக்காது. லெட்ஸ் என்க்ரிப்ட் மட்டுமல்ல, காசு கொடுத்தாலும் எவரும் தர மாட்டார்கள். உள் பெயர்களுக்குப் பொது சிஏக்கள் சான்றிதழ் கொடுப்பதை 2015 நவம்பரோடு நிறுத்திவிட்டார்கள், முன்பு கொடுத்திருந்ததையும் 2016 அக்டோபருக்குள் ரத்து செய்தார்கள். டாட் லோக்கல் எம்டிஎன்எஸ்ஸோடும் (உள் நெட்வொர்க்கில் மெஷின்கள் தாமே பெயர் தேடும் முறை) மோதும். அடுத்த முறை சொந்த டொமைனுக்குக் கீழே ஒரு சப்டொமைன் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் சான்றிதழும் இனி வருஷக் கணக்கில் வராது. 398 நாள் என்று இருந்தது, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. சிஏ/பிரவுசர் ஃபோரம் (சிஏக்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த அமைப்பு) 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. பொதுச் சான்றிதழை நம்பி சிஏ இல்லாத ஐபிஏ போடுகிறவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 47 நாள் ஆகும்போது கையால் புதுப்பிப்பது கிட்டத்தட்ட மாதாந்திர வேலை.

---

பவானிக்கரை | செவ்வாய், காலை 9:30

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் பார்க்கிறேன். சிஏ இல்லாத ஐபிஏதான். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சான்றிதழ் ஆடி 18 அன்று காலாவதியானது. கூடுதுறையில் கூட்டம், காலேஜ் லீவு, நான் குடும்பத்தோடு ஆற்றங்கரையில். மறுநாள் லேப் திறந்தது. எல்லோரும் லாகின் ஆனார்கள். அதற்கு மறுநாளும் ஆனார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் அட்மிஷன் ஆபீஸிலிருந்து ஒரு அக்கா போன். ஃபைல் ஷேரிங் வெப்சைட்டில் ‘உள்ளே விடமாட்டேங்குது தம்பி’ என்றார். பாஸ்வேர்ட் மறந்திருப்பார் என்று ரீசெட் செய்ய ஐபிஏ வெப் பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் சிவப்பாகக் கத்துகிறது. கமாண்ட் லைனில் ‘ஐபிஏ யூசர்-ஷோ’ போட்டால் அதுவும் சான்றிதழ் காலாவதி என்கிறது. அப்போதுதான் விளங்கியது.

லேப் மெஷின்கள் ஏன் தப்பின? அவற்றில் எஸ்எஸ்எஸ்டி (லாகினைக் கவனிக்கும் சர்வீஸ்) ஓடுகிறது. அது கெர்பரோஸ் மூலம் தன்னை நிரூபித்துக்கொண்டு எல்டேப்போடு (டைரக்டரி சர்வரோடு) பேசுகிறது. டிஎல்எஸ் சான்றிதழை அது பார்ப்பதே இல்லை. கேடிசியும் டைரக்டரியோடு அதே மெஷினுக்குள் சாக்கெட் வழியாகப் பேசிக்கொள்கிறது. ஆகவே லாகின், டிக்கெட் எதுவும் நிற்கவில்லை. நின்றவை எல்டேப்ஸ் (சான்றிதழ் பார்த்துப் பேசும் எல்டேப்) வழியாக வரும் வெப் ஆப்கள், ஐபிஏ கமாண்ட், வெப் பக்கம், புது மெஷினைச் சேர்ப்பது.

இதைக் கேட்டு ‘அப்போ பரவாயில்லையே’ என்று நினைக்காதீர்கள். சத்தமாக உடைந்திருந்தால் முதல் நாளே சரி செய்திருப்பேன். அரைகுறையாக ஓடியதால் மூன்று நாள் தெரியவில்லை.

---

கேபிள்_கட்டு | செவ்வாய், காலை 9:44

இதைத்தான் நேற்றே சொன்னேன்.

---

பவானிக்கரை | செவ்வாய், காலை 9:50

சொன்னீர்கள் அண்ணா, இருந்தாலும் நான் சிஏ பக்கம் வரமாட்டேன். என்னுடையதில் இரண்டே சான்றிதழ், உடைந்தால் அரை மணி நேரத்தில் சரி செய்தேன். பனியனுடையதில் டாக்டேக் உள்ளுக்குள் வைத்திருந்தவை ஐந்தாறு, அவற்றில் ஒன்று போனாலும் மொத்தக் கடையும் மூடல். இரண்டுக்கும் காவல் இருப்பது ஒரே ஆள்தான். ஆள் ஒன்று என்றால் காவல் காக்க வேண்டிய பொருளைக் குறைப்பதுதான் வழி.

---

பனியன்_சர்வர் | செவ்வாய், மதியம் 12:20

முடிவு செய்துவிட்டேன், சிஏ இல்லாமல்தான். பல்லடம் மில் அட்மினிடம் பேசினேன், விண்டோஸ் சிஏவில் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். எங்கள் ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டர் எல்லாம் அந்த டொமைனில்தான் இருக்கின்றன, அதனால் ரூட் ஏற்கெனவே அவற்றில் இருக்கிறது, பிரவுசரும் கத்தாது. நாளை ஒரு விஎம்மில் ஒத்திகை.

---

பனியன்_சர்வர் | புதன், மாலை 4:10

கெரகம் பிடித்த ஒத்திகை. சிஎஸ்ஆர் (சான்றிதழ் கேட்கும் ஃபைல்) அனுப்பினேன், மில்லிலிருந்து ஒரு டாட் சிஇஆர் ஃபைல் வந்தது.  டிஇஆர் வடிவத்தில் இருந்ததை பெம் (எழுத்து வடிவம்) ஆக மாற்றி இன்ஸ்டாலில் கொடுத்தேன். முழுச் சான்றிதழ்ச் சங்கிலி இந்த ஃபைலில் இல்லை என்கிறது. ரூட்டை ‘சிஏ-சர்ட்-ஃபைல்’ என்று கொடுத்துத்தான் இருக்கிறேன். இரண்டு மணி நேரமாக இதே இடத்தில் நிற்கிறேன்.

---

பொள்ளாச்சி_இளநீர் | புதன், மாலை 4:31

உங்கள் மில்லில் சிஏ ஒன்றா, இரண்டு அடுக்கா? அந்தச் சான்றிதழை ‘ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509’ கொண்டு திறந்து, ‘இஷ்யூயர்’ வரியை மட்டும் படித்துச் சொல்லுங்கள். அப்படியே ரூட்டின் ‘சப்ஜெக்ட்’ வரியும். கம்பெனிப் பெயர் வேண்டாம், இரண்டும் ஒன்றா இல்லையா என்று மட்டும்.

---

பனியன்_சர்வர் | புதன், மாலை 4:38

ஒன்றில்லைங்க அக்கா. இஷ்யூயர் வரியின் கடைசியில் ‘இஷ்யூயிங்’ என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது.

---

பொள்ளாச்சி_இளநீர் | புதன், மாலை 4:45

அதுதான். நடுவில் ஒருவர் இருக்கிறார், அவரை உங்களிடம் யாரும் அறிமுகப்படுத்தவில்லை. மில் அட்மினிடம் டாட் சிஇஆர் வேண்டாம், டாட் பி7பி வேண்டும் என்று கேளுங்கள், அதில் எல்லோரும் வருவார்கள். அதை பெம் ஆகப் பிரித்து சர்வர் சான்றிதழ், நடுவர், ரூட், உங்கள் சாவி எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே ஃபைலில் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிகேசிஎஸ்12 ஆகக் கட்டுங்கள், இரண்டையும் ஏற்கும்.

அதே கையோடு எஸ்ஏஎன் (சர்வர் பெயருக்கான தனிப் பகுதி) இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வரின் முழுப் பெயர் சப்ஜெக்ட்டில் மட்டும் இருந்தால் இந்தக் காலத்தில் போதாது.

---

பனியன்_சர்வர் | புதன், இரவு 7:02

எஸ்ஏஎன் இல்லை! என் சிஎஸ்ஆரிலேயே நான் போடவில்லை. சிஎஸ்ஆரில் இல்லாததை விண்டோஸ் தானாகச் சேர்க்கவும் இல்லை. திரும்ப சிஎஸ்ஆர் போட்டு, திரும்ப மில்லுக்கு போன். ‘ஏனுங்க தம்பி, ஒரே தடவையா கேக்கக் கூடாதுங்களா’ என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டீ வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இன்ஸ்டால் முழுசாக ஓடி முடிந்தது. பழைய சர்வர் போட்டபோது டாக்டேக் கட்டத்தில்தான் வெகுநேரம் நின்றது, இதில் அந்தக் கட்டமே இல்லை. ‘ஐபிஏசிடிஎல் ஸ்டேட்டஸ்’ பட்டியலில் பிகேஐ-டாம்கேட் என்ற வரி இல்லாததைப் பார்க்க ஒரு சுகம்.

---

சிறுவாணி_தண்ணி | புதன், இரவு 7:30

விண்டோஸ் சிஏ என்ன ஆயுள் கொடுத்தது?

---

பனியன்_சர்வர் | புதன், இரவு 7:33

வெப் சர்வர் டெம்ப்ளேட், இரண்டு வருஷம்.

---

கேபிள்_கட்டு | வியாழன், காலை 8:15

வாழ்த்துகள். எதிர்க்கட்சியாக இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. அந்த விண்டோஸ் சிஏவின் சொந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. யாரும் மாற்றாவிட்டால் ரூட்டுக்கு ஐந்து வருஷம். மில்லில் அதைப் புதுச் சாவியோடு புதுப்பித்தால் உங்கள் ஐபிஏவுக்கு அந்த ஆள் அந்நியர்.

அந்தச் சமயத்தில் வரிசை முக்கியம். முதலில் புது ரூட்டையும் நடுவரையும் ‘ஐபிஏ-சிஏசர்ட்-மேனேஜ் இன்ஸ்டால்’ மூலம் ஐபிஏவுக்குள் சேர்க்க வேண்டும். அடுத்து ‘ஐபிஏ-சர்ட்அப்டேட்’, எல்லா சர்வரிலும், 58 மெஷினிலும். எல்லா மெஷினுக்கும் புது ஆளைத் தெரிந்த பிறகுதான் சர்வர் சான்றிதழை மாற்ற வேண்டும். அவசரப்பட்டு முதலில் சான்றிதழை மாற்றினால் மெஷின்கள் சர்வரை நம்பாது, நம்பாத சர்வரிடமிருந்து புது ரூட்டை எப்படி வாங்கும்? அப்புறம் பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் பென் டிரைவோடு பைக்கில் அலைய வேண்டியதுதான். நான் அலைந்திருக்கிறேன். அது கோவைக்குள்ளேயே, உக்கடத்துக்கும் கணபதிக்கும். வெயில் காலம் வேறு.

ஆமாம், பழைய யூசர்களை எப்படிக் கொண்டுபோகப் போகிறீர்கள்?

---

பனியன்_சர்வர் | வியாழன், காலை 10:05

‘ஐபிஏ மைக்ரேட்-டிஎஸ்’ கொண்டு யூசரும் குரூப்பும். பாஸ்வேர்ட் ஹாஷ் வந்துவிடும், கெர்பரோஸ் சாவி வராது. ஒவ்வொருவரும் ஒரு தடவை எஸ்எஸ்எஸ்டி வழியாக லாகின் ஆனால் சாவி தானே உருவாகும் என்று ஒத்திகையில் பார்த்துவிட்டேன், மைக்ரேஷன் மோடை மட்டும் திறந்து வைக்க வேண்டும். சுடோ விதியும் ஹெச்பேக்கும் கையால். இருபதுக்குள்தான்.

---

கரூர்_தறி | வியாழன், காலை 11:12

காலாவதியை எதை வைத்துக் கண்காணிக்கிறீர்கள், அதைச் சொல்லவில்லையே யாரும். பவானிக்கரை கதை படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

---

பவானிக்கரை | வியாழன், காலை 11:40

பெரிதாக ஒன்றுமில்லை. வேறொரு மெஷினிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கிரான் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை). ஐபிஏவின் 443 (வெப்), 636 (டைரக்டரி) இரண்டு போர்ட்டிலும் ‘ஓபன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட்’ போட்டு சான்றிதழை வாங்கி, ‘செக்எண்ட் 2592000’ என்று கேட்கிறது. முப்பது நாளைக்கு உண்டான விநாடிகள். அதற்குள் சாகப்போகிறது என்றால் எனக்கு மெயில், எச்ஓடிக்கும் (துறைத் தலைவருக்கும்) மெயில். எச்ஓடிக்குப் போவதுதான் முக்கியம், அவர் விடமாட்டார்.

இரண்டு போர்ட்டையும் பார்க்கவும். ஒரு தடவை வெப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு டைரக்டரிக்கு மாற்ற மறந்துவிட்டேன். 443-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்காது. ஐபிஏ சர்வர் உள்ளேயே இந்த கிரானை வைக்கவும் வேண்டாம்.

---

பொள்ளாச்சி_இளநீர் | வியாழன், மதியம் 12:15

கரூர், உங்கள் டாட் லோக்கல் கதைக்கும் ஒரு வழி இருக்கிறது. சொந்தமாக ஒரு சின்ன ரூட். எக்ஸ்சிஏ போன்ற ஒரு சிஏ மென்பொருளை நெட் இணைக்காத பழைய லேப்டாப்பில் போட்டு, பத்து வருஷ ரூட் ஒன்று உண்டாக்கி, சர்வருக்கு இரண்டு வருஷச் சான்றிதழ் கொடுங்கள். என் ரூட்டின் சாவி இரண்டு பென் டிரைவில் இருக்கிறது. ஒன்று ஆபீஸ் லாக்கரில், இன்னொன்று முதலாளி வீட்டு பீரோவில் பத்திரக் கவரோடு. சீட்டு ஒட்டி, பாஸ்வேர்ட் வேறு இடத்தில். போன வருஷம் புதுப்பிக்க அதைக் கேட்டபோது முதலாளி அம்மா நகைப் பையைத் தூக்கி வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார், ‘இதுல என்னம்மா இருக்குது, இவ்ளோ பத்திரமா?’ என்று. கம்பெனிச் சாவி என்றேன்.

---

பனியன்_சர்வர் | ஞாயிறு, இரவு 9:50

நேற்று சம்பளம் முடிந்ததும் ராத்திரி எட்டரைக்கு ஆரம்பித்து, இன்று மதியம் 58 மெஷினும் புது சர்வருக்கு மாறிவிட்டன. இரண்டாவது சர்வர் பெருந்துறையில், அதற்கும் தனிச் சான்றிதழ், அதே விண்டோஸ் சிஏ. ரெப்ளிகா இன்ஸ்டாலிலும் அதே ஆப்ஷன்களைக் கொடுக்க வேண்டியிருந்தது, எஸ்ஏஎன் இந்தத் தடவை மறக்கவில்லை. லைன் பெட்டி இரண்டு மட்டும் சண்டித்தனம் செய்தன. பழைய சர்வரின் சிஏ ஃபைல் உள்ளே அப்படியே இருந்ததால் புதுசை நம்பவில்லை. பழைய கிளையன்ட்டை முழுசாக அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போட்டதும் சரியானது.

பவானிக்கரை சொன்ன கிரான் வைத்தாகிவிட்டது, இரண்டு போர்ட்டுக்கும். எங்கள் ஊரில் எச்ஓடி கிடையாது. அதனால் அக்கவுன்ட்ஸ் அக்காவிடம் தேதியைச் சொல்லி, அவர் மேஜையில் ஜிஎஸ்டி தேதியும் தீயணைப்பு சிலிண்டர் ரீஃபில் தேதியும் எழுதும் நோட்டில் எழுத வைத்தேன். ‘சர்ட்டுனா என்னங்க தம்பி, சட்டையா?’ என்றார். பனியன் கம்பெனியில் வேறென்ன கேட்பார்கள். ஆமாங்கக்கா, சர்வர் சட்டை, இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

---

கேபிள்_கட்டு | ஞாயிறு, இரவு 10:04

பெருந்துறைக்கு?

---

பனியன்_சர்வர் | ஞாயிறு, இரவு 10:06

அதற்கும் ஒரு சட்டை எழுதியிருக்கிறார். மூன்று நாள் தள்ளி.